மாதவிலக்கு நின்றபின் வரும் ஹாட் ஃப்ளாஷ்: ஏன் வருகிறது, எப்படி அளப்பது, எதைக் கொடுத்தால் அடங்கும்

கேள்வி: வயது 51. மாதவிலக்கு நின்று 14 மாதம் ஆகிறது. பகலில் ஏழெட்டு முறை நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று சூடேறி வியர்த்துக் கொட்டுகிறது. இரவில் இரண்டு மூன்று முறை தூக்கம் கலைகிறது. "இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். இது எதனால் வருகிறது? ஹார்மோன் எடுக்கலாமா, ஆபத்தா? வேறு வழி உண்டா?

பதில்: எல்லோருக்கும் வருவதுதான் என்பதில் பெரும்பகுதி உண்மை, ஹாட் ஃப்ளாஷ் எனப்படும் இந்தச் சூட்டு அலை நான்கில் மூன்று பெண்களுக்கு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் சரியில்லை. ஓரிரு மாதத்தில் போய்விடும் தொல்லை அல்ல இது. அமெரிக்காவில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி ஹாட் ஃப்ளாஷ் வந்தவர்களுக்கு அது நீடித்த இடைநிலைக் காலம் 7.4 ஆண்டுகள். கடைசி மாதவிலக்குக்குப் பிறகு மட்டும் கணக்கிட்டால் 4.5 ஆண்டுகள். மாதவிலக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தபோதே சூடு தொடங்கியவர்களுக்கு 11.8 ஆண்டுகளையும் தாண்டியது. இத்தனை ஆண்டு தூக்கம் கெடுவதைச் சும்மா தாங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. நன்றாக வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன.

ஆனால் மருந்துக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு வாரம் எண்ணி எழுதுங்கள். ஏன் என்பது கீழே படிக்கும்போது புரியும்.

முதலில் உடம்புக்குள் நடப்பது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ்தான் உடல் வெப்பத்தைக் கட்டிக்காக்கிறது. அதற்கு ஒரு மேல் எல்லையும் ஒரு கீழ் எல்லையும் உண்டு. உள்வெப்பம் மேல் எல்லையைத் தாண்டினால் வியர்க்கும், தோலின் ரத்தக்குழாய்கள் விரியும். கீழ் எல்லைக்குக் கீழே போனால் நடுங்கும். இரண்டு எல்லைக்கும் நடுவே ஒன்றும் நடக்காது. டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃப்ரீட்மன், விழுங்கக்கூடிய வெப்பமானி மாத்திரையைப் பயன்படுத்தி உள்வெப்பத்தை அளந்து பார்த்தார். ஹாட் ஃப்ளாஷ் வராத பெண்களுக்கு இந்த நடுப்பகுதி சுமார் 0.4 டிகிரி செல்சியஸ் அகலம் இருந்தது. வருபவர்களுக்கோ ஏறக்குறைய பூஜ்ஜியம். பெரும்பாலான அலைகளுக்கு முன்னால் உள்வெப்பம் மிகச் சிறிதளவு உயர்ந்திருந்தது. மாடிப்படி ஏறுவது, சூடான பானம், போர்வை, பரபரப்பு என்று எதுவானாலும் சரி, மற்றவர்களுக்குத் தெரியாமலே போகும் அந்தச் சிறு உயர்வு உங்கள் உடம்புக்கு எல்லை மீறலாகத் தெரிகிறது. உடனே எல்லா வெப்பத்தையும் வெளியே தள்ள முனைகிறது.

அந்த எல்லை ஏன் சுருங்குகிறது? 1990ஆம் ஆண்டை ஒட்டி நவோமி ரான்ஸ் என்ற ஆய்வாளர், இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, மாதவிலக்கு நின்ற பெண்களின் ஹைப்போதலாமஸில் ஒரு நரம்புச் செல் கூட்டம் மட்டும் வீங்கிப் பெரிதாகியிருந்ததைக் கண்டார். கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்ஃபின் ஆகிய மூன்றையும் சுரப்பதால் பிற்பாடு இவற்றுக்குக் கேஎன்டிஒய் செல்கள் என்று பெயர் வந்தது. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அது இவற்றை அடக்கி வைக்கிறது. சினைப்பை ஓய்ந்ததும் கட்டவிழ்ந்து, நியூரோகைனின் பி வழியாகப் பக்கத்திலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தை இடைவிடாமல் சீண்டுகின்றன. மாதவிலக்கு நிற்காத இளம் பெண்களுக்கு நியூரோகைனின் பியை ரத்தத்தில் செலுத்தியபோது அவர்களுக்கும் இதே சூடு வந்தது. புதிய மருந்துகள் பிறந்தது இந்த இடத்திலிருந்துதான்.

இதில் பலர் தவறிவிடும் ஒரு விஷயம்: ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பது மட்டும் காரணம் அல்ல, இருந்து போனதுதான் காரணம். பிறப்பிலிருந்தே ஈஸ்ட்ரோஜன் சுரக்காத, சிகிச்சையும் பெறாத பெண்களுக்கு ஹாட் ஃப்ளாஷ் வருவதில்லை. சினைப்பைகளை அறுவை செய்து எடுத்தவர்களுக்கோ சில நாட்களிலேயே கடுமையாக வருகிறது. அதனால்தான் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவைப் பார்த்து உங்கள் அவதியை மதிப்பிட முடியாது. ஒரே அளவுள்ள இருவரில் ஒருவருக்கு ஒன்றுமே இருக்காது, மற்றவருக்கு நாளைக்குப் பத்து முறை வரும். 45 வயதைத் தாண்டி, மாதவிலக்கும் நின்று, சூடும் வருகிறதென்றால் எஃப்எஸ்எச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தச் சோதனையே தேவையில்லை. அந்த எண் வாரத்துக்கு வாரம் மாறக்கூடியது. 40 வயதுக்கு முன் மாதவிலக்கு நின்றவர்களுக்கு மட்டும் அது கட்டாயம். அது வேறு நோய்நிலை, தனியாக ஆராய வேண்டியது.

இனி அளப்பது. வெப்பமானியை எடுத்து வைத்துவிடுங்கள். ஹாட் ஃப்ளாஷ் வரும்போது தோல் சூடாகிறது, இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 7 முதல் 15 வரை கூடுகிறது. ஆனால் உள்வெப்பம் ஏறிக்கொண்டே போவதில்லை. வியர்த்து முடிந்ததும் இறங்குகிறது. சூட்டுக்குப் பின்னால் சில்லென்று குளிர்வதும் நடுங்குவதும் அதனால்தான். வெப்பமானிக்கு இங்கே ஒரே ஒரு பயன் உண்டு. அந்த நேரத்தில் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காட்டினால் அது ஹாட் ஃப்ளாஷ் அல்ல, காய்ச்சல். காரணத்தைத் தேட வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் அளக்கும் முறை வேறு. மார்பெலும்பின் மேல் இரண்டு மின்முனைகளை ஒட்டி, தோலின் மின்கடத்துதிறனைத் தொடர்ந்து பதிவு செய்வார்கள். 30 விநாடிக்குள் அது 2 மைக்ரோசீமன்ஸ் உயர்ந்தால் ஓர் அலை என்று கணக்கு. உள்ளங்கையில் ஒட்டினால் பதற்றத்துக்கும் வியர்க்கும், கணக்கு கெட்டுவிடும். மார்பின் நடுவே வரும் வியர்வை பெரும்பாலும் வெப்பத்துக்கானது. இந்தக் கருவியும் பெண்கள் எழுதும் கணக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கருவி பிடித்த சிலவற்றை அவர்கள் உணர்வதில்லை, அவர்கள் உணர்ந்த சிலவற்றைக் கருவி பிடிப்பதில்லை. உடற்பயிற்சியில் வரும் வியர்வையும் கருவியை ஏமாற்றும். சிகிச்சையைத் தீர்மானிக்க நீங்கள் உணர்வதுதான் முக்கியம். எனவே ஒரு சிறு நோட்டும் பென்சிலும் போதும்.

எழுதும் முறை இது. வந்த உடனே நேரத்தையும் கடுமையையும் குறியுங்கள். சூடு மட்டும் வந்து வியர்க்கவில்லை என்றால் 1. வியர்த்தது, ஆனால் செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர முடிந்தது என்றால் 2. வியர்த்து, வேலையை நிறுத்த வேண்டியிருந்தால் 3. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மருந்து ஆய்வுகளுக்குப் பயன்படுத்தும் லேசானது, நடுத்தரம், கடுமை என்ற பிரிவும் இதேதான். இரவில் விளக்கைப் போட்டு எழுத வேண்டாம். தலைமாட்டில் ஒரு தாள் வைத்து, எழுந்த ஒவ்வொரு முறையும் ஒரு கோடு கிழித்தால் போதும். அதற்கு முன் 15 நிமிடத்தில் என்ன செய்தீர்கள் என்பதை ஒரே சொல்லில் எழுதுங்கள். நாள் முடிவில் ஒரு வரி: இன்று இது எவ்வளவு தொல்லையாக இருந்தது, 0 முதல் 10 வரை. 14 நாள் இப்படி.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை, பகலெல்லாம் விட்டுவிட்டு இரவு படுக்கும்போது நினைவிலிருந்து எழுதுவது. கடுமையானவை மட்டும்தான் நினைவில் நிற்கும், லேசானவை மறைந்துவிடும். இரண்டாவது பிழை, எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது. ஒரு நாளில் லேசானது 4, நடுத்தரம் 3, கடுமை 2 வந்தது என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை 9. ஒவ்வொன்றையும் அதன் கடுமையால் பெருக்கிக் கூட்டினால் 4 + 6 + 6 = 16. சிகிச்சை தொடங்கி ஒரு மாதம் கழித்து லேசானது 6, நடுத்தரம் 1 வருகிறது. எண்ணிக்கை 7, பெருக்குத்தொகை 8. "ஒன்பது ஏழாகத்தானே குறைந்தது" என்று மருந்தை நிறுத்திவிடத் தோன்றும். உண்மையில் பாரம் பாதியாகிவிட்டது. வாரச் சராசரியைத்தான் ஒப்பிட வேண்டும், ஒரு நாளை இன்னொரு நாளோடு அல்ல. வேலை, வெயில், தூக்கம் எல்லாம் நாளுக்கு நாள் மாறும்.

இத்தனை கணக்கு எதற்கு என்றால், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் ஹாட் ஃப்ளாஷைக் குறைத்துக் காட்டும். ஹார்மோன் சிகிச்சை பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் மதிப்பாய்வில், வெற்று மாத்திரை எடுத்த குழுவிலேயே எண்ணிக்கை சுமார் 58% குறைந்திருந்தது. தானாகவே கூடிக் குறையும் தன்மையும் நம்பிக்கையும் சேர்ந்து செய்யும் வேலை இது. எனவே யாராவது ஒரு பொடியையோ சொட்டு மருந்தையோ காட்டி "பாதியாகக் குறைந்தது" என்றால், அந்தப் பாதி மருந்தினால் வந்ததா என்று கேளுங்கள். உங்கள் சிகிச்சையைத் தொடங்கும் முன்னும், பிறகு 4, 8, 12ஆம் வாரங்களிலும் எழுதிய கணக்கு கையில் இருந்தால்தான் நீங்களும் ஏமாற மாட்டீர்கள்.

அதே நோட்டு வேறு நோயையும் காட்டிக்கொடுக்கும். ஹாட் ஃப்ளாஷ் பெரும்பாலும் 1 முதல் 5 நிமிடம் நீடிக்கும், நெஞ்சு, கழுத்து, முகத்தில் தொடங்கும், வந்து போன பின் உடம்பு பழையபடி ஆகிவிடும். எடை குறைந்துகொண்டே போய், கைநடுக்கமும் இடைவிடாத படபடப்பும் இருந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். படுக்கை நனையும் வியர்வையோடு மாலைக் காய்ச்சலும் இருமலும் நெறிக்கட்டியும் இருந்தால் காசநோய், ரத்த அணு சார்ந்த புற்றுநோய் ஆகியவற்றை ஒதுக்கிய பிறகே மற்ற பேச்சு. முகம் சிவப்பதற்குப் பதிலாக வெளிறி, தலைவலியோடு ரத்த அழுத்தம் எகிறினால் அட்ரினல் சுரப்பிக் கட்டி. வியர்வையே இல்லாமல் முகம் சிவந்து வயிற்றுப்போக்கும் இருந்தால் கார்சினாய்டு என்ற கட்டி. இவை அரிதானவை, ஆனால் தவறவிடக்கூடாதவை. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் அந்த நேரத்தில் சர்க்கரையைப் பாருங்கள். தாழ்சர்க்கரையும் வியர்வையும் படபடப்புமாகவே வரும். மாத்திரைகளும் காரணமாகலாம்: அம்லோடிபின், நிஃபெடிபின், நியாசின், மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென், அரோமடேஸ் தடுப்பான்கள், ஓபியாய்டு வலிநிவாரணிகள். இரவு மட்டுமே வியர்க்கிறது, குறட்டையும் பலமாக இருக்கிறதென்றால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று சோதிப்பது நல்லது.

உங்கள் விவரப்படி நாளைக்குப் பத்து முறை வருகிறது, தூக்கமும் கெடுகிறது. இது மருந்து தேவைப்படும் நிலை. மருந்து ஆய்வுகளில் சேர்க்க வைக்கும் அளவுகோலே நாளொன்றுக்கு நடுத்தரமோ கடுமையோ ஏழெட்டு என்பதுதான்.

ஹார்மோனைப் பற்றி நேராகச் சொல்கிறேன். ஈஸ்ட்ரோஜனைவிட நன்றாக இதை அடக்கும் மருந்து இன்றுவரை இல்லை. எண்ணிக்கையை முக்கால்வாசி குறைக்கிறது, கடுமையை அதைவிடவும். பயம் வந்தது 2002 ஜூலையில். 16,608 பெண்களை வைத்து நடந்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும், புரொஜெஸ்டிரோனைப் போலச் செயல்படும் செயற்கை ஹார்மோனான புரொஜெஸ்டினும் சேர்த்துத் தரப்பட்ட பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. அதில் வந்த எண்ணை அப்படியே பாருங்கள்: 10,000 பெண்கள் ஓராண்டு எடுத்தால் மார்பகப் புற்றுநோய் 30லிருந்து 38 ஆனது. அதாவது கூடுதலாக 8 பேர். இது பொய்யல்ல, சிறியது என்று தள்ளிவிடவும் கூடாது. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. கொடுத்தது குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் என்ற புரொஜெஸ்டினும், அதுவும் வாய்வழி மாத்திரையாக. கருப்பை நீக்கியவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பகுதியில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்குப் பயன் ஆபத்தைவிட அதிகம் என்பதுதான் இன்று மெனோபாஸ் மருத்துவச் சங்கங்களின் நிலைப்பாடு. 51 வயதில், 14 மாதத்தில் நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்கிறீர்கள்.

எடுக்கக் கூடாதவர்கள்: மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கல்லீரல் நோய் தீவிரமாக உள்ளவர்கள்.

எடுப்பதானால் தோல்வழி நல்லது என்பது என் கருத்து. மாத்திரை முதலில் கல்லீரலுக்குள் போய் ரத்தம் உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது; தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையும் பூசும் ஜெல்லும் அந்தப் பாதையைத் தவிர்க்கின்றன. எடை அதிகம் உள்ளவர்களுக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இது இன்னும் முக்கியம். எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) பட்டை நாளொன்றுக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் விடுவது, வாரம் இரண்டு முறை மாற்றுவது. மாத்திரை என்றால் 0.5 முதல் 1 மில்லிகிராம். பட்டையை இடுப்புக்குக் கீழே, வயிற்றின் அடிப்பகுதியிலோ புட்டத்திலோ ஒட்ட வேண்டும், மார்பகத்தில் கூடாது. எண்ணெயும் கிரீமும் பூசிய தோலில் ஒட்டினால் நிற்காது; குளித்துத் துடைத்து நன்றாக உலர்ந்த பின் ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள். ஜெல் பூசினால் அது உலரும்வரை அந்த இடத்தைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "மருந்து வேலை செய்யவில்லை" என்பவர்களில் சிலருக்குப் பட்டையின் ஓரம் பிரிந்திருக்கும். அளவைக் கூட்டும் முன் அதைப் பாருங்கள்.

கருப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கவே கூடாது. கருப்பையின் உள்ளுறை தடித்துக்கொண்டே போய்ப் புற்றுநோய் வரலாம். அதைத் தடுக்கக் கூடவே நுண்துகள் புரொஜெஸ்டிரோன் தினமும் 100 மில்லிகிராம், படுக்கும்போது. தூக்கக் கலக்கம் தரும் மருந்து என்பதால் இரவில் எடுத்தால் அதுவே உதவியாகிறது. ஓராண்டுக்கு மேல் மாதவிலக்கு நின்ற உங்களுக்கு இந்தத் தொடர்முறை பொருந்தும். இன்னும் விட்டுவிட்டு மாதவிலக்கு வருபவர்களுக்கு மாதத்தில் 12 நாள் 200 மில்லிகிராம் என்ற முறை. அவர்கள் இதைக் கருத்தடையாக நினைத்துவிடக் கூடாது, அதற்கு இது போதாது. "சூடு குறைந்துவிட்டது, இந்த மாத்திரை எதற்கு" என்று புரொஜெஸ்டிரோனை மட்டும் நிறுத்திவிடுவதுதான் இந்தச் சிகிச்சையில் நடக்கும் மிக ஆபத்தான தவறு.

முதல் சில வாரங்களில் மார்பு கனத்து வலிக்கலாம். முதல் 3 மாதம், சிலருக்கு 6 மாதம்வரை, இடையிடையே உதிரத் தீற்றல் இருக்கலாம். 6 மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்தாலோ, அடியோடு நின்ற பிறகு திரும்ப வந்தாலோ கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும். பலன் 2 வாரத்தில் தெரியத் தொடங்கும், முழுதாகத் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு அளவைக் கூட்ட வேண்டாம். பிறப்புறுப்பு வறட்சிக்குத் தரும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் ஹாட் ஃப்ளாஷைக் குறைக்காது. இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பலர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

ஹார்மோன் கூடாது அல்லது வேண்டாம் என்பவர்களுக்கு வழி இல்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் இதற்கும் வேலை செய்கின்றன. வென்லாஃபாக்சின் ஒரு வாரம் 37.5, பிறகு 75 மில்லிகிராம். ஓர் ஆய்வில் இதையும் 0.5 மில்லிகிராம் எஸ்ட்ராடியாலையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். எண்ணிக்கை முறையே 48%, 53%, 29% குறைந்தது. குறைந்த அளவு ஹார்மோனுக்கு இது அவ்வளவு பின்தங்கியதல்ல. முதல் வாரம் குமட்டலாம், ரத்த அழுத்தம் ஏறலாம், சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும். படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். எஸ்சிடாலோபிராம் 10 முதல் 20, பராக்ஸெடின் 7.5 மில்லிகிராம் ஆகியவையும் உண்டு. டமாக்சிஃபென் எடுப்பவர்கள் பராக்ஸெடினைத் தொடக்கூடாது. டமாக்சிஃபெனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதியை அது முடக்கிவிடும். மனச்சோர்வுக்கு ஆறு வாரம் காத்திருப்பதைப் போல இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டு வாரத்தில் நோட்டில் தெரிந்துவிடும்.

இரவுத் தொல்லையே பெரிது என்றால் கேபாபென்டின் 300 மில்லிகிராம் படுக்கும்போது தொடங்கி, தேவையானால் நாளொன்றுக்கு 900 வரை. காலையில் தள்ளாட்டம் இருந்தால் வண்டி ஓட்டாதீர்கள். ஆக்ஸிபியூட்டினின் 2.5 முதல் 5 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு வேளை, வியர்வையை நன்றாகக் குறைக்கும். வாய் வறளும், மலச்சிக்கல் வரும். வயதானவர்களுக்கு நினைவாற்றலைப் பாதிக்கக்கூடும் என்பதால் நீண்ட காலத்துக்கு ஏற்றதல்ல.

மேலே சொன்ன நியூரோகைனின் வழியையே அடைக்கும் மருந்துகள்தான் புதியவை. ஃபெசோலினெட்டன்ட் 45 மில்லிகிராம் தினம் ஒன்று; 2023 மே மாதம் எஃப்டிஏ அனுமதித்தது. வெற்று மாத்திரையைவிட நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை அலைகளைக் கூடுதலாகக் குறைத்தது, முதல் வாரத்திலேயே பலன் தொடங்கியது. ஆனால் 2024 டிசம்பரில் கல்லீரல் பாதிப்பு குறித்து மிகக் கடுமையான எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. தொடங்கும் முன், முதல் மூன்று மாதம் மாதந்தோறும், பிறகு 6, 9ஆம் மாதங்களில் கல்லீரல் சோதனை எடுக்க வேண்டும். அரிப்பு, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, வழக்கமில்லாத அசதி ஏதாவது வந்தால் அன்றே நிறுத்துங்கள். சிப்ரோஃபிளாக்சசின், ஃபுளூவாக்சமின் போன்றவை ரத்தத்தில் இதன் அளவை ஏற்றிவிடும். வேறு எந்த மருந்து எழுதும் மருத்துவரிடமும் இதை எடுப்பதாகச் சொல்லுங்கள். அடுத்து வந்தது எலின்சனெட்டன்ட், 120 மில்லிகிராம் படுக்கும்போது. 2025இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்தன. தூக்கத்துக்கும் உதவுகிறது; மறுநாள் மந்தமாக இருக்கலாம். மார்பகப் புற்றுநோய் மருந்து எடுக்கும் பெண்களிடமும் இது சோதிக்கப்பட்டுப் பலன் தந்திருக்கிறது, அவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மருந்தில்லா வழிகளில் இரண்டுதான் ஆய்வில் உறுதியாகத் தேறியவை. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை அலைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை, அவை தரும் தொல்லையைக் குறைக்கிறது. "ஐயோ எல்லோரும் பார்க்கிறார்கள்" என்ற பதற்றம் சூட்டை நீட்டிக்கும், அந்தச் சங்கிலியை அறுப்பதுதான் அதன் வேலை. நோட்டில் அந்த 0 முதல் 10 வரியை எழுதச் சொன்னது இதற்காகத்தான். எண்ணிக்கை அப்படியே இருந்து தொல்லை 8லிருந்து 3 ஆனால் சிகிச்சை வென்றுவிட்டது. மற்றது மருத்துவ ஹிப்னாசிஸ். பேய்லர் பல்கலைக்கழகத்தில் கேரி எல்கின்ஸ் 5 வார அமர்வுகளாக நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில் 74% குறைந்தது, ஒப்பீட்டுக் குழுவில் 17%. எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு எடைக் குறைப்பும் பலன் தரும்.

மெதுவாக மூச்சு இழுத்து விடும் பயிற்சி, யோகா, அக்குபங்சர், சோயா, கருப்பு கோஹோஷ் என்ற மூலிகை, குளிர்ச்சி தரும் தலையணை ஆகியவற்றை வட அமெரிக்க மெனோபாஸ் சொசைட்டி 2023இல் ஹாட் ஃப்ளாஷுக்கான சிகிச்சையாகப் பரிந்துரைக்க மறுத்தது. யோகாவும் நடையும் உடம்புக்கு நல்லவை, அவற்றை விட வேண்டாம்; சூட்டைக் குறைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கருப்பு கோஹோஷில் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது, இயற்கை என்பதால் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. மின்விசிறி, கழற்றிப் போடக்கூடிய மேலாடை, பருத்திப் படுக்கைவிரிப்பு எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தை எளிதாக்கும், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். காரமும் காப்பியும் மதுவும் தூண்டுமா என்பதற்கு உங்கள் நோட்டுதான் விடை. ஒரே பொருளுக்குப் பிறகு மீண்டும் மீண்டும் வந்தால் அதை மட்டும் விடுங்கள், எல்லாவற்றையும் துறக்க வேண்டாம். புகைபிடிப்பது மட்டும் தயக்கமே இல்லாமல் விட வேண்டியது.

ஒரு சிறு குறிப்பு ஆண்களுக்கும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோனை ஒடுக்கும் ஊசி போடுபவர்களில் பெரும்பாலோருக்கு இதே சூடு வருகிறது. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் 20 மில்லிகிராம் அவர்களுக்குப் பலனளிக்கும், புற்றுநோய் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நீங்கள் மருத்துவரிடம் போகும்போது 14 நாள் நோட்டையும், எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரையும், குடும்பத்தில் மார்பகப் புற்றுநோயும் ரத்தக்கட்டும் யாருக்கு எந்த வயதில் வந்தது என்பதையும் கொண்டு போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அன்றே பாருங்கள். மார்பக ஸ்கிரீனிங் நிலுவையில் இருந்தால் முடித்துவிடுங்கள். எந்த மருந்தைத் தொடங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஹார்மோன் எடுத்தால் ஆண்டுக்கு ஒருமுறை தொடர வேண்டுமா என்று பாருங்கள். நிறுத்துபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சூடு திரும்புகிறது. படிப்படியாகக் குறைத்தாலும் ஒரேயடியாக நிறுத்தினாலும் நீண்ட கால முடிவு ஒன்றுதான், ஆனால் படிப்படியாகக் குறைத்தால் முதல் சில வாரம் சுலபமாக இருக்கும். அப்போதும் இரண்டு வாரம் நோட்டை எழுதுங்கள். முதல் நோட்டின் எண்ணுக்கு அருகில் வந்தால் பழைய அளவுக்குத் திரும்பலாம், பாதிக்கும் கீழே நின்றால் மருந்தில்லாமல் இருந்து பார்க்கலாம்.